1966 மாரிஸ் மைனருக்கு ஆய்வு: வயசுக்கு விலக்கு உண்டா, எதில் மாட்டும்?

மைனர்_1098

வணக்கம். வண்டி 1966 மாரிஸ் மைனர் 1000. 1098 சிசி இன்ஜின், ஒற்றை எஸ்.யு. கார்புரேட்டர், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பாசிடிவ் எர்த் (பேட்டரியின் பாசிடிவ் முனை பாடியோட இணைஞ்சிருக்கும்). சில வருஷம் ஷெட்டிலேயே நின்ற வண்டி. ஸ்டார்ட் ஆகுது, ஓடுது. ஆனா ஆய்வுக்குக் கொண்டு போனா தேறுமான்னு தெரியலை. இங்கே பல நாடுகளில் இருந்து ஆட்கள் இருக்கீங்க, அதனால பொதுவாவே கேட்கறேன்.

பழைய கார்னா ஆய்வே வேண்டாம்னு ஒருத்தர் சொல்றார். இன்னொருத்தர், புது வண்டிக்கு உள்ள அதே கணக்குதான்னு சொல்றார். எது சரி?

பிரேக் மிதிச்சா இடது பக்கம் லேசா இழுக்குது. ஹேண்ட் பிரேக் ஏழெட்டு பல் மேலே வந்தும் சரிவில் நிக்கலை. அடியில் கறுப்பா அண்டர்கோட் (துருத் தடுப்புப் பூச்சு) அடிச்சிருக்கு, அங்கங்கே உரிஞ்சிருக்கு. ஆய்வுக்கு முன்னாடி மறுபடியும் அடிச்சுடலாமா? முன்சக்கரத்துக்கு டிஸ்க், எலக்ட்ரானிக் இக்னிஷன், எல்இடி பல்பு இதெல்லாம் போட்டா "ஒரிஜினல் இல்லை"ன்னு தள்ளிடுவாங்களா?

ஆர்சி_புக்

ரெண்டு பேர் சொல்றதும் அரைகுறை. சட்டம் பழைய காரிடம் ரெண்டு தனித்தனி கேள்வி கேட்கும். இது ரோட்டில் பாதுகாப்பா ஓடுமா? இது இன்னும் அதே பழைய கார்தானா? சலுகை எல்லாம் ரெண்டாவது கேள்விக்கான பதிலில் தொங்குது. முதல் கேள்வியில் சலுகையை எதிர்பார்க்காதீங்க.

பிரிட்டனில் 20 மே 2018 முதல், 40 வயசு தாண்டின கார்களுக்கு எம்.ஓ.டி. (அந்த நாட்டு வருடாந்திர வாகன ஆய்வு) கட்டாயம் இல்லை. ஆனா கடந்த 30 வருஷத்துக்குள்ள வண்டியில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சேஸிஸ் அல்லது மோனோகாக் பாடியை (தனி சேஸிஸ் இல்லாம பாடியே சட்டமா இருக்கறது) மாத்தறது, சஸ்பென்ஷன் வகையையோ ஸ்டியரிங் வகையையோ மாத்தறது, அசலோட பொருந்தாத இன்ஜின் போடறது இதெல்லாம் அந்தக் கணக்கில் வரும். விலக்கு கேட்கிறவர் வி112 படிவத்தில் உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போடணும். போட்ட பிறகும் வண்டி ரோட்டுக்குத் தகுதியா இல்லைன்னா பொறுப்பு முழுக்க ஓட்டுறவர் தலையில்தான். அதனால விலக்கு இருந்தும் தானா முன்வந்து எம்.ஓ.டி. எடுக்கறவங்க நிறைய. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். பிரேக்கை ரோலரில் (சக்கரத்தைச் சுழல விட்டு பிரேக் விசையை அளக்கற மெஷின்) ஏத்திப் பார்க்கிற வசதி வீட்டு ஷெட்டில் யாருக்கும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/45 ஆணைப்படி "வரலாற்று வாகனம்" ஆகணும்னா மூணும் சேர்ந்து வேணும்: 30 வயசு, அந்த வகை இப்போ தயாரிப்பில் இல்லாமை, முக்கிய பாகங்கள் அசல் நிலையில் இருத்தல். ஆய்வை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வைக்கறது அந்தந்த நாட்டு விருப்பம். ஜெர்மனியில் கிளாசிக் காருக்கான 'ஹெச்' நம்பர் பிளேட் வாங்கினாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆய்வு உண்டு. ஜப்பானில் எவ்வளவு பழைய காரா இருந்தாலும் ரெண்டு வருஷ ஷாகென் ஆய்வில் இருந்து தப்ப முடியாது. கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகை பரிசோதனை இல்லை.

இந்தியாவில் 2021-ல் வந்த விண்டேஜ் விதி, முதல் பதிவு தேதியில் இருந்து 50 வருஷம் தாண்டின, சேஸிஸ், பாடி, இன்ஜின் மூணும் மாறாத வண்டிகளுக்கு. 'விஏ' எழுத்து உள்ள தனி நம்பர் கிடைக்கும், பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனா தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு, இப்படித்தான். தினமும் ஓட்டணும்னா சாதாரணப் பதிவிலேயே இருக்கணும். அதுக்கு 15 வருஷத்துக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை தகுதி ஆய்வு. உண்மையில் கஷ்டப்படறது 20, 30, 40 வயசு வண்டி வச்சிருக்கிறவங்கதான். பழசுங்கிற கெடுபிடி முழுக்க உண்டு, கிளாசிக்ங்கிற சலுகை ஒண்ணும் இல்லை.

இன்னொண்ணு. எந்தத் தேதியை எண்ணறாங்கன்னு பாருங்க. சில இடத்தில் தயாரிப்புத் தேதி, சில இடத்தில் முதல் பதிவு. பல பழைய வண்டிகளில் ரெண்டுக்கும் நடுவில் ஒரு வருஷம் இடிக்கும். மாரிஸ் மாதிரி பிரிட்டிஷ் வண்டிகளுக்குத் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் சான்றிதழ் தருது. தயாரிப்புத் தேதி, முதலில் அடிச்ச கலர், அசல் இன்ஜின் நம்பர் மாதிரி விவரங்கள் அதில் கிடைக்கும். இன்ஜின் நம்பர், பிளாக்கில் பதிச்ச தகட்டில் இருக்கும். அது பதிவுப் புத்தகத்தோட ஒத்துப் போகலைன்னா ஆய்வுக்குப் போறதுக்கு முன்னாடியே திருத்துங்க. ஆய்வாளர் கண்டுபிடிச்ச பிறகு திருத்தப் போனா விசாரணையில் போய் நிக்கும்.

டிரம்_பிரேக்

இடது பக்கம் இழுக்கறதை "லேசா"ன்னு விடாதீங்க. ரோலரில் ஏத்தினா இதுதான் முதலில் மாட்டும்.

ஒரே அச்சில் ரெண்டு சக்கரத்து பிரேக் விசையையும் தனித்தனியா அளப்பாங்க. பெருசில் இருந்து சிறுசைக் கழிச்சு, பெருசால் வகுப்பாங்க. இடது 180 கிலோ, வலது 120 கிலோ வந்தா வித்தியாசம் 60, அதாவது 33 சதவீதம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 30 சதவீதம்தான் எல்லை. ஓட்டும்போது லேசா இழுக்கற வண்டி ரோலரில் சுலபமா 30-ஐத் தாண்டும்.

இழுக்கற பக்கத்தைப் பிரிச்சுப் பார்க்கறதுதான் எல்லாரும் செய்யற வேலை. பெரும்பாலும் கோளாறு எதிர்ப் பக்கத்தில் இருக்கும். இடது நல்லா பிடிக்குது, வலது பிடிக்கலை, அவ்வளவுதான். அதனால முதலில் வலது முன் டிரம்மைக் கழட்டுங்க. மைனரில் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் ரெண்டு வீல் சிலிண்டர், ஒவ்வொரு ஷூவுக்கும் ஒண்ணு. நின்ற வண்டியில் அதில் ஒண்ணு துருப் பிடிச்சு இறுகி இருக்கும். உதவிக்கு ஒருத்தரை மெதுவா பெடலை மிதிக்கச் சொல்லி ரெண்டு பிஸ்டனும் நகருதான்னு பாருங்க. ஒரு விரல்கடைக்கு மேல மிதிக்க விடாதீங்க, பிஸ்டன் வெளியே வந்துடும். ரப்பர் கவசத்தை விலக்கினா உள்ளே ஈரம் இருந்தாலே அந்த சிலிண்டர் போச்சுன்னு அர்த்தம். துளைக்குள்ள குழி விழுந்திருந்தா கிட் மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்லை, புது சிலிண்டர் போடுங்க. அச்சுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாத்தணும், லைனிங்கும் அப்படியே.

சிலிண்டர் சரியா இருந்தா அடுத்த சந்தேகம் ஃப்ளெக்சிபிள் ஹோஸ். முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு. வெளியே பார்க்க நல்லா இருக்கும், உள் ரப்பர் உப்பி வழி அடைஞ்சிருக்கும். மிதிச்சு விட்ட உடனே சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. இறுகலா இருந்து, ப்ளீட் நிப்பிளைத் திறந்ததும் சட்டுனு விடுபட்டா ஹோஸ்தான். மூணையும் சேர்த்து மாத்துங்க.

ஹேண்ட் பிரேக் விஷயத்தில் எல்லாரும் கேபிளைத்தான் முதலில் இழுத்துக் கட்டுவாங்க. அது தப்பு. கேபிள் ஏற்கனவே ஷூவை இழுத்துக்கிட்டு நிக்கும், அட்ஜஸ்டர் பொய்யான நிலையைக் காட்டும். முதலில் கேபிளை முழுசா தளர்த்துங்க. பின்சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரை சக்கரம் பூட்டற வரைக்கும் திருகி, சுத்தமா சுழலற அளவுக்கு ஒரு கிளிக் பின்னால விடுங்க. பெடலை ரெண்டு மூணு தடவை பலமா மிதிச்சா ஷூ நடுவில் வந்து உட்காரும். உட்கார்ந்த பிறகு இன்னொரு கிளிக் இடம் கிடைக்கும், அதையும் எடுங்க. முன்னாடி இதே வேலை, ஆனா சக்கரத்துக்கு ரெண்டு அட்ஜஸ்டர். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கேபிள். மூணு நாலு பல்லில் இறுகணும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கு. பிரிட்டிஷ் ஆய்வில், இரட்டை சர்க்யூட் பிரேக் உள்ள காருக்கு ஹேண்ட் பிரேக் விசை வண்டி எடையில் 16 சதவீதம் காட்டினா போதும். உங்க வண்டி மாதிரி ஒற்றை சர்க்யூட்டா இருந்தா 25 சதவீதம் வேணும். 800 கிலோ எடைக்கு 200 கிலோ விசை. காரணம் நியாயமானது: ஒரே ஒரு பைப் உடைஞ்சா கால் பிரேக் மொத்தமும் போயிடும், மிச்சம் இருக்கறது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். பின் டிரம்முக்குள்ள கியர் ஆயில் கசிஞ்சிருந்தா இந்த எண்ணை எட்டவே முடியாது. ஆயில் குடிச்ச லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். சூடானதும் மறுபடி ஆயில் மேலே வரும். ஹப் சீலை மாத்திட்டு லைனிங்கையும் மாத்துங்க.

புது லைனிங் போட்ட அன்னிக்கே ஆய்வுக்குப் போகாதீங்க. டிரம்மோட வளைவுக்கு அது இன்னும் படிஞ்சிருக்காது, ரோலரில் எண் குறைச்சலா வரும். காலியான ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் இருந்து 15-க்கு மிதமா பிடிச்சு, நடுநடுவே ஆற விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டின பிறகு மறுபடி அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போங்க.

துரு_வேட்டை

அண்டர்கோட் கேள்விக்கு என் பதில்: அடிக்கவே அடிக்காதீர்கள். ஆய்வுக்கு முந்தின வாரம் புதுசாகப் பளபளக்கும் அடிப்பாகத்தைப் பார்த்தால் எந்த ஆய்வாளரும் இன்னும் நெருக்கமாகத்தான் தட்டிப் பார்ப்பார். அதைவிடப் பெரிய கேடு, பழைய அண்டர்கோட் உரிந்த இடத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து, தகட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தங்கிவிடும். மேலே புது கோட் அடித்தால் அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். உரிந்த இடங்களைச் சுரண்டி எடுத்து, தகடு தெரியும்படி விட்டுப் பாருங்கள்.

எல்லாத் துருவும் ஆய்வில் தள்ளாது. பிரிட்டிஷ் விதியில் தெளிவான அளவு இருக்கிறது: சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் இவை பொருத்தப்பட்ட இடத்தில் இருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் பலமிழக்கும் துரு இருக்கக் கூடாது. கதவின் அடியில் ஓட்டை இருந்தால் அசிங்கம், அவ்வளவே. அதே அளவு ஓட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் இருந்தால் தள்ளுபடி. வேறு நாட்டில் அளவு மாறலாம், ஆனால் பார்க்கும் இடங்கள் இவைதான்.

மைனரில் அந்த இடங்கள் எவை என்றால், டார்ஷன் பாரின் (முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி) பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனைகள், பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், கதவுக்குக் கீழே ஓடும் உள் சில், முன் சேஸிஸ் கால்கள். குறுக்குச் சட்டத்தின் முனையை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். வெளியில் இருந்து முழுசாகத் தெரியும், உள்பக்கம் அடுக்கடுக்காக உதிர்ந்திருக்கும். சின்ன சுத்தியலின் கைப்பிடி முனையால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் தரும். துருப் பிடித்தது மந்தமாகச் சத்தமிடும், உள்ளே துகள் சரசரவென விழுவது கேட்கும். மாஸ்டர் சிலிண்டர் இந்த வண்டியில் ஓட்டுநர் காலடித் தளத்துக்குக் கீழே சேஸிஸ் காலுக்குள் இருக்கிறது. அங்கே பிரேக் ஆயில் கசிந்து பெயின்ட்டைக் கரைத்திருந்தால் சுற்றிலும் துரு கட்டாயம் இருக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் சரி செய்யுங்கள்.

வெட்டி ஒட்டும்போது துருவின் மேலேயே தகட்டை வைத்து ஒட்டக் கூடாது. நல்ல உலோகம் வரும் வரை வெட்டி எடுத்து, அசல் தகட்டுக்குக் குறையாத கனத்தில் புதுத் துண்டு வைத்து, ஓரம் முழுவதும் தொடர் வெல்டிங் போட வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்தால் தாங்கும் இடங்களில் ஏற்க மாட்டார்கள். ஃபைபர், பட்டி எதுவும் இங்கே கூடாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். பின்பக்கம் என்றால் பெட்ரோல் டேங்கையே இறக்கி வெளியில் வையுங்கள். காலி டேங்க்தான் அதிகம் ஆபத்தானது, உள்ளே ஆவி நிற்கும். வேலை முடிந்து பிரைமர், பெயின்ட் காய்ந்த பிறகும் அண்டர்கோட் அடிக்காமல் ஆய்வுக்குக் கொண்டு போங்கள். வெல்டிங் வரி கண்ணுக்குத் தெரிந்தால் ஆய்வாளருக்கு நம்பிக்கை வரும். ஆய்வு முடிந்ததும் அடித்துக்கொள்ளலாம்.

முன்சக்கரத்தின் ஆட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையவில்லை என்றால் கிங்பின், டிரனியன் (சக்கரம் திரும்பும் அச்சும் அதைத் தாங்கும் முட்டும்) பக்கம். மைனரின் கீழ் டிரனியன் மரையில் நிற்பது. கிரீஸ் காய்ந்து மரை தேய்ந்தால் ஒரு நாள் கழன்று சக்கரம் மடங்கி விழும். இந்த வண்டியில் உயிருக்கு உலை வைக்கும் இடம் அதுதான். கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையில் இருக்கக் கூடாது, பாரம் இருந்தால் தேவையான பக்கத்துக்கு கிரீஸ் போகாது. 1,500 கி.மீ.க்கு ஒரு தடவை அடியுங்கள்.

எஸ்யு_ஊசி

புகை பத்தி யாரும் சொல்லலை. இதில்தான் தயாரிப்பு வருஷம் நேரடியா கை கொடுக்கும். பிரிட்டனில் 1 ஆகஸ்ட் 1975-க்கு முன்னாடி பயன்பாட்டுக்கு வந்த பெட்ரோல் காருக்கு கண்ணால பார்க்கற புகை மட்டும்தான் கணக்கு. அதுக்கப்புறம் 1986 ஜூலை வரைக்கும் 4.5 சதவீத கார்பன் மோனாக்சைடு, 1,200 பிபிஎம் ஹைட்ரோகார்பன். இந்தியாவில் பிஎஸ்-2 (பாரத் ஸ்டேஜ்-2 மாசு விதி)-க்கு முந்தின நாலு சக்கர வண்டிக்கு ஐட்லிங்கில் 3 சதவீதம், 1,500 பிபிஎம். மெஷினில் தயாரிப்பு வருஷத்தைத் தப்பா அடிச்சா 0.5 சதவீத எல்லை வந்து நிக்கும், பழைய கார்புரேட்டர் வண்டி அதில் தேறறது ரொம்பக் கஷ்டம். ஆபரேட்டர் வருஷம் அடிக்கும்போது பக்கத்தில் நின்னு பாருங்க.

ரெண்டு எண்ணும் ரெண்டு வேற கதை சொல்லும். கார்பன் மோனாக்சைடு மட்டும் கூடினா பெட்ரோல் அதிகம்: சோக் முழுசா திரும்பலை, மிதவை உயரம் தப்பு, ஊசியும் ஜெட்டும் தேஞ்சிருக்கு, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு. ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினா எரியாத பெட்ரோல் வெளியே வருது: பிளக் விடுது, பாயின்ட் இடைவெளி தப்பு, வால்வு கைடு தேஞ்சு ஆயில் உள்ளே இறங்குது. அதனால கார்புரேட்டரைத் தொடறதுக்கு முன்னாடி இக்னிஷனை முடிங்க. பாயின்ட் 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.64 மி.மீ. பிறகு டைமிங்.

அப்புறம் எஸ்.யு. இன்ஜின் நல்லா சூடா இருக்கணும். டாஷ்பாட்டில் (கார்புரேட்டர் பிஸ்டன் மேலே உள்ள ஆயில் கிண்ணம்) எஸ்ஏஇ 20 ஆயில் இருக்கணும். அடிப்படை நிலைக்கு, ஜெட்டைப் பாலத்தோட (கார்புரேட்டர் காற்றுவழியின் அடிமேடு) சமமா ஏத்தி, அங்கிருந்து நட்டை ரெண்டு முழுச் சுத்து, அதாவது 12 முகம், கீழே இறக்குங்க. இன்ஜினை ஓட விட்டு, பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்க. வேகம் ஒரு நொடி ஏறி மறுபடி பழைய இடத்துக்கு வந்தா சரியான கலவை. ஏறி அப்படியே நின்னா ரிச் (பெட்ரோல் அதிகம்), ஒரு முகம் மேலே ஏத்துங்க. விக்கி நிக்கப் பார்த்தா லீன் (பெட்ரோல் கம்மி), ஒரு முகம் இறக்குங்க. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்புறம் இன்ஜினை ஒரு தடவை 2,500 ஆர்பிஎம் வரைக்கும் ஏத்தி இறக்கிட்டுத்தான் அடுத்த சோதனை. எவ்வளவு செஞ்சும் ஐட்லிங் நிக்கலைன்னா திராட்டில் ஸ்பிண்டில் தேஞ்சு காத்து இழுக்குது. ஸ்பிண்டில் ஓரத்தில் கார்ப் கிளீனரைத் தெளிச்சா சத்தம் மாறும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் போடறீங்கன்னா கலவை தானா லீன் ஆகும், ஒரு முகம் ரெண்டு முகம் கூடுதலா இறக்க வேண்டி வரும். பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் தின்னும். ஆர்9 தரம்னு அச்சடிச்ச ஹோஸ் போடுங்க. நின்ற வண்டியில் இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆவி பிரீதர் வழியா மேலே போய் ஹைட்ரோகார்பன் எண்ணைக் கூட்டும். டிப் ஸ்டிக்கை மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சா ஆயில் மாத்தாம பரிசோதனைக்குப் போகாதீங்க.

ஹெட்லைட்டுக்கு எல்இடி தேவையே இல்லை. பழைய ரிஃப்ளெக்டர் இழை பல்புக்காக வடிவமைச்சது, எல்இடி போட்டா ஒளி சிதறி ஆய்வுப் பலகையில் வெட்டுக்கோடு கலைஞ்சு வரும். வெளிச்சம் மங்கலா இருக்கறது பெரும்பாலும் வயரிங்கால. லைட் எரியும்போது பேட்டரியிலும் பல்பு முனையிலும் வோல்ட் பாருங்க. அங்கே 12.6, இங்கே 10.5 இருந்தா வெளிச்சம் கிட்டத்தட்ட பாதிக்குப் போயிருக்கு. புல்லட் கனெக்டரை உப்புத்தாளால் தேய்ச்சு, எர்த் முனையைத் தகடு தெரியத் தேய்ச்சு மாட்டுங்க. அப்பவும் போதலைன்னா ரிலே.

மைனர்_1098

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வலது முன் டிரம்மை முதலில் கழட்டறேன், அண்டர்கோட் யோசனையை விட்டுட்டேன். டிஸ்க்கும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் மட்டும் பாக்கி. போடலாமா?

ஆர்சி_புக்

பிரிட்டிஷ் வழிகாட்டுதலில், பாதுகாப்புக்காகவோ செயல்திறனுக்காகவோ அச்சு, பிரேக் பக்கம் செய்யற மேம்பாடு "பெரிய மாற்றம்" ஆகாது. ஜெர்மனியில் அந்தக் காலத்திலேயே வழக்கத்தில் இருந்த மாற்றமான்னு பார்ப்பாங்க. இந்திய விண்டேஜ் விதி பேசறது சேஸிஸ், பாடி, இன்ஜின் பத்தி. எந்த நாடா இருந்தாலும் கழட்டின பாகங்களைத் தூக்கிப் போடாதீங்க. பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். திருகைக் கழட்டிப் பழைய நிலைக்குக் கொண்டு வர முடியற மாற்றம் எப்பவும் பிரச்சினை கம்மி. வெட்டி, வெல்டிங் பண்ணி செஞ்ச மாற்றத்துக்குத்தான் பதில் சொல்லணும்.

டிரம்_பிரேக்

டிஸ்க் போடறதா இருந்தா ஒண்ணு மறக்காதீங்க. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டருக்குள்ள லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கற வால்வு இருக்கும். அதை அப்படியே விட்டு முன்னாடி டிஸ்க் மாட்டினா பேட் விடாம உரசும், டிஸ்க் சூடாகும், ரோலரில் மிதிக்காமலே எண் காட்டும். வால்வை எடுத்துட்டு, பின் டிரம்முக்குப் போற பைப்பில் தனியா ஒண்ணு வைக்கணும். ஆனா சொல்லிடறேன், சரியா அட்ஜஸ்ட் பண்ணின மைனர் டிரம் இந்த ஆய்வில் சுலபமா தேறும். முதலில் இருக்கறதைச் சரி பண்ணி ரோலரில் ஏத்துங்க, எண்ணைப் பார்த்துட்டு டிஸ்க்கை முடிவு பண்ணுங்க.

எஸ்யு_ஊசி

எலக்ட்ரானிக் இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கிடும், ஹைட்ரோகார்பன் எண்ணும் சீரா நிக்கும். வாங்கும்போது பாசிடிவ் எர்த்துக்கான மாட்யூலான்னு பெட்டியில் பார்த்து வாங்குங்க. நெகடிவ் எர்த் மாட்யூலை இதில் மாட்டினா சாவி போட்ட உடனே எரிஞ்சிடும். பழைய பாயின்ட், கண்டென்சர் செட்டை டிக்கியில் வச்சுக்கங்க. ஆய்வன்னிக்கு, இது பாசிடிவ் எர்த் வண்டின்னு ஒரு அட்டையில் எழுதி பேட்டரி மேல ஒட்டிடுங்க. நடுவில் வண்டி நின்னு அங்கே யாராவது ஜம்ப் கேபிள் போட வந்தா எர்த்துன்னு நெகடிவ்ல மாட்டிடுவாங்க.